ஔவைக்கு கே.பி. சுந்தராம்பாள் முகம் வந்தது எப்படி? வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை. அண்மையில் வேறொரு வேலையாக அங்கே போயிருந்தபோது, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பழைய துண்டில் சுற்றிய படம் ஒன்றைக் கொண்டு வந்தார். சட்டத்தின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. கண்ணாடியில் நீளமான கீறல். உள்ளே மார்பில் ஆபரணங்கள் மின்ன, தோள் வரை முடி வைத்த ஓர் இளைஞர்.

"பாகவதர் படம்யா. எங்கப்பா தோட்டத்துல மாட்டி வெச்சிருந்தது. புதுச் சட்டம் போட்டுக் குடு" என்றார் பாட்டி.

கடைக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பாட்டி, இது பாகவதர் மாதிரி தெரியலையே. சின்னப்பா மாதிரி இல்ல இருக்கு?"

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுபது ஆண்டுகளாக வீட்டில் பாகவதர் என்று சொல்லி வந்த ஒருவரை ஐந்து நிமிடத்தில் யாரோ மாற்றிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தப் படம் யாருடையது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நம் வீடுகளில் இப்படித் தொங்கும் படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பழைய தோட்ட லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்னறைச் சுவரில் முதலில் சாமி படங்கள் இருக்கும். அடுத்து காந்தி, நேரு, நேதாஜி. அதற்கும் அடுத்து திருவள்ளுவர், பாரதியார், வள்ளலார். கதவுக்கு மேலேயோ கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்திலேயோ பாகவதர், சின்னப்பா, டி.ஆர். ராஜகுமாரி, எம்.எஸ். சுப்புலட்சுமி, பின்னாளில் எம்.ஜி.ஆர்., சிவாஜி. புலவரும் நடிகரும் ஒரே சுவரில், ஒரே மாதிரிச் சட்டத்துக்குள் இருந்தார்கள். இவர் உண்மை, அவர் வேடம் என்று அந்தச் சுவர் பிரித்துக் காட்டவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இப்போதுதான் வந்திருக்கிறது. ஏனென்றால் அந்தச் சுவர்களே இப்போது இல்லை.

புத்ராஜெயா எழுந்த இடம் முன்பு பிராங் பெசார் தோட்டம். அங்கும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம் மாறின. 1950களின் இறுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் முதல் நெடுஞ்சாலை, விமான நிலையம், வீடமைப்புத் திட்டம் என்று வந்த மாற்றங்கள் வரை சிலாங்கூரில் இதே கதை பலமுறை நடந்திருக்கிறது. லோரியில் கட்டில், பீரோ, தையல் இயந்திரம் எல்லாம் ஏறும். கறை பிடித்த படங்கள் கடைசியில்தான் ஏறும், பல வீடுகளில் ஏறாமலே போகும். சாமி படங்களையாவது கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைப்பார்கள். பாகவதருக்கு அந்த மரியாதையும் கிடையாது.

புலவர்களுக்கு முகம் கொடுத்த சினிமா

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பாட்டி வீட்டில் வ.உ. சிதம்பரனார் படம் ஒன்று இருந்தது. பள்ளியில் பேச்சுப் போட்டிக்குத் தயாரானபோதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேசிப் பழகுவேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கப் போன பிறகுதான் அது வ.உ.சி. அல்ல, 1961இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வ.உ.சி.யாக நடித்த சிவாஜி கணேசன் என்று தெரிந்தது. வகுப்பில் சிரித்தார்கள். உண்மையில் வ.உ.சி.யின் புகைப்படங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் எங்கள் சுவருக்கு வந்து சேர்ந்தது சிவாஜிதான். அதே படத்தில் பாரதியாராக நடித்தவர் எஸ்.வி. சுப்பையா. அவருடைய அந்த வேடத்தைப் பாரதி என்றே நம்பி வளர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு.

வ.உ.சி.க்காவது புகைப்படம் இருக்கிறது. ஔவையாருக்கும் கம்பருக்கும் கண்ணகிக்கும் என்ன செய்வது? இங்கேதான் தமிழ் சினிமா பெரிய வேலை செய்தது. தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் சொல்லும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் வெளியானது. அதுவே ஒரு கவிஞரைப் பற்றிய கதைதான். 1937இல் வந்த 'அம்பிகாபதி'யில் கம்பரின் மகனாக எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்தார், கம்பராக செருகளத்தூர் சாமா. 1943இல் வந்த 'சிவகவி', பொய்யாமொழிப் புலவர் கதையைத் தழுவியது. அதிலும் பாகவதர். 1942இல் ஜூபிடர் நிறுவனம் எடுத்த 'கண்ணகி'யில் பி. கண்ணாம்பா கண்ணகி, பி.யு. சின்னப்பா கோவலன். 1964இல் 'பூம்புகார்' வந்தபோது கண்ணகியின் முகம் விஜயகுமாரி முகமாக மாறியது. 1965இல் 'திருவிளையாடல்' படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜன், நக்கீரர் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டார். இன்றைக்கும் நக்கீரர் என்றால் நமக்கு அந்த முகம்தான்.

எல்லாவற்றிலும் ஆழமாகப் பதிந்தது ஔவையார். ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' 1953இல் வெளியானது. அதில் கே.பி. சுந்தராம்பாள் நரைத்த முடியும் நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோலுமாக நடந்து வருவார். அந்தத் தோற்றம் பாடப்புத்தக ஓவியங்களுக்குள் போனது, பள்ளி நாடகங்களுக்குள் போனது, நாட்காட்டிகளுக்குள் போனது. சங்க காலத்து ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் ஒருவர் அல்லர் என்று ஆய்வாளர்கள் எவ்வளவு எழுதினாலும், நம் மனத்தில் இருவருக்கும் கே.பி.எஸ். முகம்தான். தமிழ்ப்பள்ளி மேடைகளில் ஔவை வேடம் போடும் ஏழு வயதுச் சிறுமியின் தலையில் பவுடர் கொட்டி நரைக்க வைக்கிறோமே, அது நேரே அந்தப் படத்திலிருந்து வந்தது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. முகம் தெரியாதவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, நல்ல நடிகை ஒருவர் கொடுத்தார். ஆனால் படத்துக்குக் கீழே 'ஔவையாராக கே.பி. சுந்தராம்பாள், 1953' என்று எழுதாமல் விட்டால், ஒரே சமயத்தில் இரண்டு பேரைத் தொலைக்கிறோம். ஔவையையும் தொலைக்கிறோம், 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் ஏற்று நடித்து, அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்று பேசப்பட்ட அந்தப் பெரும் பாடகியையும் தொலைக்கிறோம்.

வள்ளுவர், பாரதி, வள்ளலார்

இன்று நாம் வணங்கும் திருவள்ளுவர் படத்தின் வயது நம் தாத்தாக்களின் வயதைவிடக் குறைவு. அதை வரைந்தவர் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா. 1960இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட வள்ளுவர் தபால்தலையில் அந்த உருவம் இடம்பெற்றது. 1964இல் சென்னைச் சட்டமன்றத்தில், அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜாகிர் உசேன் அந்தப் படத்தைத் திறந்து வைத்தார். சமயச் சின்னம் எதுவும் இல்லாமல், எழுத்தாணியும் ஓலையும் கையிலேந்திய அந்த உருவம் அதன் பிறகு அரசு அலுவலகங்கள், பள்ளிகள் என்று பரவி, கடல் கடந்து நம்மூர்த் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது.

அப்படியானால் அதற்கு முன் வள்ளுவருக்கு உருவம் இல்லையா? இருந்தது, ஒன்றல்ல பல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லீஸ் துரை, வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டார். அந்தக் காசைப் பற்றி ஐராவதம் மகாதேவன் எழுதியிருக்கிறார். பழைய குறள் பதிப்புகளில் சடையும் தாடியும் சமயக் குறிகளுமாக வேறு வேறு வள்ளுவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் குறள் புத்தகம் இருந்து, அதில் நீங்கள் பார்த்துப் பழகாத ஒரு வள்ளுவர் இருந்தால், அச்சுப்பிழை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். நாம் எல்லோரும் ஒரே வள்ளுவரைப் பார்க்கத் தொடங்குவதற்கு முந்திய வள்ளுவர் அவர்.

பாரதியார் விஷயம் வேறு. அவர் 1882 முதல் 1921 வரை வாழ்ந்தவர், புகைப்படக் கருவி பரவலாகிவிட்ட காலம். அப்படியிருந்தும் இதுவரை கிடைத்த அசல் புகைப்படங்கள் ஒரு கை விரல்களுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். புதுச்சேரியில் மனைவி செல்லம்மாவுடன் எடுத்துக்கொண்டது, 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தாருடன் எடுத்துக்கொண்டது முதலியவை அவற்றுள் உண்டு. இந்தப் படங்களைத் தேடித் தொகுத்து ரா.அ. பத்மநாபன் 1957இல் 'சித்திர பாரதி' என்ற நூலாகக் கொண்டுவந்தார். பாரதியில் ஆர்வமுள்ளவர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய புத்தகம் அது.

வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கிய மீசை, உற்றுப் பார்க்கும் கண்கள் என்று நாம் எல்லோரும் அறிந்த அந்த முகம் ஓர் ஓவியம். வரைந்தவர் ஆர்யா என்ற பெயரில் அறியப்பட்ட பாஷ்யம். விடுதலைப் போராட்ட வீரர். 1932 ஜனவரி 26ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைக் கட்டியவர் அவர்தான். புகைப்படங்களில் இருக்கும் பாரதி மெலிந்தவர், களைத்தவர். ஓவியத்தில் இருக்கும் பாரதி அவருடைய கவிதையைப் போல இருக்கிறார். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் எது எது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு வண்ணம் தீட்டி, கண் சிமிட்டிப் பேச வைத்த பாரதிகள் புலனத்தில் உலவுகிறார்கள். அவற்றில் பல, ஓவியத்தை அசல் புகைப்படம் என்று எடுத்துக்கொண்டு செய்தவை. ஒரு கற்பனையின் மேல் ஏற்றிய இன்னொரு கற்பனை.

வள்ளலாரும் 1874 வரை வாழ்ந்தவர். சென்னையில் அப்போதே புகைப்படம் எடுப்பவர்கள் இருந்தார்கள். அவரைப் படம் எடுக்க முயன்றும் உருவம் பதியவில்லை, வெண்ணிற ஆடை மட்டுமே தெரிந்தது என்று அன்பர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். முக்காடிட்ட அந்த வெள்ளுடை உருவம் நினைவிலிருந்து வரையப்பட்டதே தவிர, புகைப்படம் அல்ல.

படம் போய்விட்டது, படத்தின் படம் இருக்கிறது

நடிகர்களின் பழைய படங்களை ஏன் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். "இணையத்தில்தான் எல்லாம் கிடைக்குதே" என்றார். கிடைப்பதில்லை. 'காளிதாஸ்' படத்தின் சுருள் இன்று எங்கும் இல்லை. அதன் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே எழுதி இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர். அந்தப் படமும் இல்லை. மௌனப்பட காலத்தில் சென்னையில் எடுத்தவை ஏறக்குறைய அனைத்தும் போய்விட்டன. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை, வெப்பத்தில் தானே சிதையும். ஓடி முடித்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றதும் உண்டு. மிஞ்சியவை பாட்டுப் புத்தகங்கள், விளம்பரத் தாள்கள், படப்பிடிப்பின்போது எடுத்த நிழற்படங்கள். அந்த நடிகையின் முகத்தைக் காண அவை மட்டுமே வழி.

இந்தப் படங்கள் மலாயாவுக்கு வந்த பாதை நம் பாட்டன்மார் வந்த பாதையேதான். 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை அறியாத பழைய குடும்பம் இருக்காது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்த அந்தக் கப்பலில் ஊறுகாய்ச் சாடியோடும் வேட்டி சேலையோடும் நாட்காட்டிகளும் பாட்டுப் புத்தகங்களும் 'பேசும் படம்', 'குண்டூசி' போன்ற சினிமா இதழ்களும் வந்தன. இதழின் நடுப்பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டவர்கள்தாம் அதிகம். தமிழ் நேசன், தமிழ் முரசு ஆகியவற்றின் பொங்கல், தீபாவளி மலர்களிலிருந்து வெட்டி எடுத்ததும் உண்டு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அதன் பழைய மலர் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

பாகவதர் 1934இல் 'பவளக்கொடி'யில் அறிமுகமானார். 1944இல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதை இங்குள்ள தாத்தாக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த லட்சுமிகாந்தன் கொலை தொடர்பான வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1947இல் விடுதலையானார்கள். ஆனால் பாகவதரின் பழைய செல்வாக்கு திரும்பவில்லை. 1959இல் காலமானார். அவருடைய போட்டியாளராகப் பேசப்பட்ட பி.யு. சின்னப்பா அவருக்கும் முன்பே, 1951இல், முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். மலாயாவில் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. இந்தியாவுடன் கப்பல் போக்குவரத்தே இல்லை. ஆகவே 'கண்ணகி'யும் 'ஹரிதாஸ்'ஸும் போர் முடிந்த பிறகே இங்குள்ளவர்களின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இரண்டு நடிகர்களும் இங்கே ஒரே சமயத்தில் மோதியது அப்போதுதான் என்று தோன்றுகிறது. பாட்டியின் படத்துக்கு வந்த குழப்பம் ஒன்றும் புதிதல்ல.

உங்கள் வீட்டுப் படம் எந்தக் காலத்தது?

முதலில் ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். படத்தின் முகப்பகுதியை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சடித்த படம், இதழிலோ நாட்காட்டியிலோ வந்தது. புள்ளியே இல்லாமல் சாயல் சீராக இழைந்தால் அது இருட்டறையில் கழுவி எடுத்த புகைப்படம். அந்நாளில் 'புரோமைடு' என்று சொல்வார்கள். ஓரத்தில் கறுப்புப் பகுதி சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளித் தகடு போல மினுங்கினால் பயப்பட வேண்டாம். படத்தில் உள்ள வெள்ளி, ஈரக் காற்றால் மேலே வந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஆன அசல் புகைப்படம் என்பதற்கு அது ஓர் அடையாளம். கறுப்பு வெள்ளைப் படத்தில் உதட்டுக்கும் சேலைக்கும் மட்டும் மெல்லிய வண்ணம் இருந்தால், கையால் தீட்டியது. வண்ணப் புகைப்படங்கள் வருவதற்கு முன் அது தனித் தொழில். 1970களின் வண்ணப் புகைப்படங்கள் இப்போது சிவந்து கிடப்பதையும், அதற்கு முந்திய கறுப்பு வெள்ளை இன்னும் தெளிவாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். வண்ணப் படத்தில் உள்ள சாயம் வெளுக்கும், வெள்ளி அவ்வளவு எளிதில் வெளுக்காது.

நாட்காட்டிப் படமாக இருந்தால் கீழே ஓவியர் கையெழுத்தைத் தேடுங்கள். கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி உலகெங்கும் தமிழர் வீடுகளுக்குப் போயின. நம் வீட்டு முருகனும் லட்சுமியும் பெரும்பாலும் அந்தப் பட்டறை வழி வந்தவர்கள். அந்த லட்சுமியின் கண்ணும் அலங்காரமும் அக்கால நடிகைகளை நினைவூட்டினால் ஆச்சரியமில்லை. கொண்டையராஜுவே நாடகக் குழுவில் திரைச்சீலை வரைந்தவர்.

அதே நாட்காட்டியின் அடியில் கடைப்பெயரும் முகவரியும் இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது. முகவரி 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்றிருந்தால் படம் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் அது போர்ட் கிள்ளான் ஆனது. 'பத்து ரோடு' என்றிருந்தால், அது ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் ஆவதற்கு முந்திய காலம், அதாவது 1960களின் தொடக்கத்துக்கு முன். 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு' என்றிருந்தால், 1979இல் துன் சம்பந்தன் மறைந்து அந்தச் சாலைக்கு அவர் பெயர் வைப்பதற்கு முந்தியது. பாட்டுப் புத்தகத்தில் விலை 'அணா' கணக்கில் இருந்தால், இந்தியா 1957இல் நயா பைசாவுக்கு மாறும் முன் அச்சானது என்று கொள்ளலாம்.

படத்தின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். பழைய புகைப்பட நிலையங்கள் அட்டையிலோ பின்புறத்திலோ முத்திரை குத்துவார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஜி.கே. வேல் போன்ற நிலையங்களின் முத்திரை கிடைத்தால் பெரிய செய்தி. அதைவிட முக்கியம், உங்கள் தாத்தா பென்சிலால் எழுதி வைத்த ஒரு வரி. எங்கே வாங்கினார், யார் கொடுத்தார், என்ன விலை என்று இருக்கலாம். பழைய பின்னட்டையைச் சட்டம் போடுகிறவர் குப்பையில் போடுவதற்கு முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், தண்ணீரில் ஊற வைக்கவும் வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்து, சற்று மேலிருந்து கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பூசிப் பாதுகாக்கிறேன் என்று லேமினேட் செய்தால் அது பாதுகாப்பு அல்ல, திரும்பப் பிரிக்கவே முடியாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் கறை இறங்கும். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் நிச்சயம் வரும். சட்டத்தின் கீழ்ப்பக்க மூலைகளில் சிறு தக்கைத் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். சாமி மேடைக்கு மேலே மாட்டினால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் பத்து வருடத்தில் முகத்தை மூடிவிடும். வள்ளுவரானாலும் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள்.

தனி மனிதர்கள் சேர்த்தவை எவ்வளவு பெரிய சொத்தாகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு பேரைச் சொல்லலாம். காரைக்குடி அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகம், நோட்டீசு, பாட்டுப் புத்தகம், நாடக விளம்பரம் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ஓர் ஆய்வு நூலகமாக்கியது. இன்னொருவர், 2016இல் மறைந்த 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த திரைப்பட நிழற்படங்களையும் குறிப்புகளையும் தமிழ்நாடு அரசு வாங்கிக்கொண்டது.

நமக்கு? கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியார் கையிலுள்ள வரலாற்று ஆவணங்களும் அங்கே சேர்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கே தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியில்தான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்த மாநாட்டில் எடுத்த குழுப்படம் எத்தனையோ ஆசிரியர்கள் வீட்டில் பரணில் கிடக்கலாம். பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதி வாங்க வேண்டும்.

எனக்கு உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் சுவர்களில் பாரதி இருக்கிறார், பாகவதர் இருக்கிறார். நம் நாட்டின் முதல் தமிழ் நாவல்களில் ஒன்றான 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'யை 1917இல் வெளியிட்ட க. வெங்கடரத்தினத்தின் முகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் படத்தை வீட்டில் மாட்டியவர்கள் எத்தனை பேர்? தோட்டத்து நாடகத்தில் வேடம் கட்டியவர்கள், மாணவர் மணிமன்றத்தில் கவிதை படித்தவர்கள், இவர்களுக்கெல்லாம் புகைப்படம் எடுத்திருப்பார்கள். அந்தப் படங்கள் ஏதோ ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. பாகவதர் படத்துக்கு உலகில் இன்னொரு பிரதி இருக்கலாம், இவற்றுக்கு இருக்காது.

சரி, பாட்டியின் படத்துக்கு வருவோம். கடைக்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். கரையான் தின்ற பின்னட்டை கையோடு உதிர்ந்தது. படம் கண்ணாடியில் ஒட்டவில்லை, நல்ல காலம். மடித்து உள்ளே செருகியிருந்த கீழோரத்தைப் பிரித்தபோது அச்செழுத்தில் 'கண்ணகி' என்றும் ஜூபிடர் நிறுவனத்தின் பெயரும் தெரிந்தன. கோவலன் வேடத்தில் பி.யு. சின்னப்பா.

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா அப்பவே சொல்லும், அது பாகவதர் இல்லன்னு. எங்கப்பா கேக்க மாட்டாரு" என்றார். புதுச் சட்டம் முப்பத்தைந்து வெள்ளி. முன்பணம் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதச் சொன்னார், சின்னப்பா பெயரையும் தன் அப்பா பெயரையும். கடைக்காரர் பேனாவை எடுத்தார். மை ஊறும் என்று சொல்லி, என் பையிலிருந்த பென்சிலைக் கொடுத்தேன்.